தொழில் ஓய்ந்த நிலம்: ஊவாவின் காப்பி மலை முதல் கோல்ஃப் திடல் வரை

அம்பாந்தோட்டைக் கடற்கரையில் 2016இல் திறக்கப்பட்ட ஷங்ரி-லா விடுதியின் 18 குழிக் கோல்ஃப் திடல் மூன்று வகை நிலங்களைக் கடந்து செல்கிறது. ஒரு பகுதி தென்னந்தோப்பு. இன்னொன்று மணல்மேடு. மூன்றாவது, நீலக்கல் தோண்டி எடுத்தபின் விட்டுப்போன பழைய சுரங்க நிலம். ரொட்னி ரைட் வடிவமைத்த இத்திடலில் தோண்டிய நிலம் சீராக்கப்பட்டுப் புல்தரையாகியிருக்கிறது. ஒரு தொழில் முடிந்த இடத்தில் விளையாட்டுத் திடல் எழுந்ததற்கு இலங்கையில் தெளிவாகக் காட்டக்கூடிய சான்று இது.

அம்பாந்தோட்டைக்கு அடுத்துள்ள மொனராகலை மாவட்டம் ஊவா மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கும் மண்ணுக்குள் கல் இருக்கிறது. ஒக்கம்பிட்டிய நெடுங்காலமாக இரத்தினக்கல் அகழும் ஊர். கதிர்காமத்தை அடுத்த தம்மென்னாவையில் 2012 பெப்ரவரியில் சாலைப் பணிக்குக் கொட்டிய மண்ணில் நீலக்கற்கள் தென்பட்டன. செய்தி பரவியதும் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் திரண்டார்கள். பின்னர் அரசு அந்நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, அகழும் உரிமையை ஏலம் விட்டது. கல் அகழ உரிமம் பெறுபவர் குழியை மூடி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்காகப் பிணைப்பணம் கட்டவேண்டும் என்பது தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் விதி. தோண்டுபவரே மூடவும் வேண்டும் என்ற இந்த எளிய நியாயம் ஊவாவின் மலைப் பக்கத்தில் 150 ஆண்டுகளாக யாரிடமும் கேட்கப்பட்டதில்லை. அந்த மலைகளின் கதையைச் சொல்லுமுன் கோல்ஃப் ஏன் இப்படிப்பட்ட நிலத்தைத் தேடிப் போகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

கோல்ஃப் பிறந்ததே பயனில்லை என்று ஒதுக்கப்பட்ட நிலத்தில்தான். ஸ்கொத்லாந்தில் செயின்ட் அன்ட்ரூஸ் முதலான பழைய திடல்கள் வயலுக்கும் கடலுக்கும் நடுவே, உழவுக்கு ஆகாத மணற்பரப்பில் அமைந்தவை. 18 குழித் திடலுக்கு 50, 60 ஹெக்டேர் வேண்டும். நல்ல விளைநிலத்தில் அவ்வளவு பரப்பை ஒரே விலைக்கு வாங்குவது கடினம், சுரங்கம் மூடிய நிலத்தில் எளிது. அங்கே உண்ணும் பயிர் எதுவும் விளைவதில்லை என்பதால், நஞ்சேறிய மண்ணின் மேல் களிமண்ணும் நல்ல மண்ணும் பரப்பி மூடிவிட்டுப் புல் வளர்க்க முடியும். மேடுபள்ளங்களை நிரவ வேண்டியதில்லை, அவை ஆட்டத்துக்குச் சுவை சேர்க்கும். ஆழமான குழிகள் குளங்களாகிவிடும். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் அனகொண்டா ஊரில் செம்பு உருக்கிய ஆலை நிலத்தின் மேல் ஜாக் நிக்லஸ் வடிவமைத்த 'ஓல்ட் வேர்க்ஸ்' திடல் 1997இல் திறக்கப்பட்டது. அங்கே மணற்குழிகளில் வெண்மணலுக்குப் பதிலாகச் செம்புக் கசடின் கருமணலே கிடக்கிறது. அந்த ஊரின் தொழில் எதுவாக இருந்தது என்பதை மறைக்காத திடல் என்பதால் அது தனியே குறிப்பிடத் தக்கது.

இதற்கு மறுதலையான காட்சி இந்தியாவின் கோலார் தங்கவயலில் உண்டு. தமிழ்த் தொழிலாளர் நிறைந்த அந்தச் சுரங்க ஊரில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கிளப்பும் கோல்ஃப் திடலும் சுரங்கம் ஓடிய காலத்திலேயே இருந்தன. சுரங்கம் 2001 பெப்ரவரி 28இல் மூடப்பட்டது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடுக் கழிவின் வெண்மேடுகள் இன்றும் ஊரின் நடுவே நிற்கின்றன. காற்றடிக்கும் நாள்களில் அந்தத் தூசி குடியிருப்புகளுக்குள் வருகிறது. திடல் முன்பே வந்தது, மீட்பு வரவேயில்லை.

ஊவா மலைகளுக்கு வருவோம். இம்மலைகளில் நிலம் கைமாறிய வரலாறு 1818இலிருந்து தொடங்குகிறது. பிரித்தானியருக்கு எதிராக ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய படைகள் வயல்களையும் வீடுகளையும் எரித்தன, கால்நடைகளைக் கொன்றன, நீர்ப்பாசனத்தை அழித்தன. ஆள் குறைந்து வெறிச்சோடிய நாடாக ஊவா கிடந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் சொத்தாக்கியது. காப்பி பயிரிட வந்த ஐரோப்பியர் அந்நிலத்தை அரசிடமிருந்து மலிவாக வாங்கினார்கள்.

பதுளையில் அக்காலத்து அதிகாரம் எப்படி இருந்தது என்பதற்கு மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற பெயர் போதும். படை அதிகாரியாகவும் மாவட்ட நிர்வாகியாகவும் இருந்த அவர் ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வதுண்டு. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை நகரின் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டு 1857இல் அர்ப்பணிக்கப்பட்டது. யானை அழிந்த காட்டில் கோடரி விழுந்தது. வெட்டிய மரங்களைக் காயவைத்துத் தீயிட்டு, சாம்பல் ஆறுமுன் காப்பிக் கன்று நட்டார்கள். மேல்மண்ணைப் பிடித்து நிறுத்த வேர் ஏதும் இல்லாத செங்குத்துச் சரிவுகளில் பருவமழை இறங்கியது. பல நூறு ஆண்டுகளில் சேர்ந்த காட்டு மண் காப்பிக் காலத்திலேயே பெருமளவு ஆற்றோடு போய்விட்டது. ஊவா நிலத்துக்கு நேர்ந்த முதல் தொழிற்சேதம் அது.

காப்பிக்கு முடிவு வந்த இடமும் ஊவாதான். பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையில் 1869இல் ஒரு தோட்டத்தின் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணவியலாளர் பேர்க்லி அதை ஆராய்ந்து 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். இரண்டாம் சொல்லின் பொருள் 'பாழாக்குவது'. நோயின் வேகத்தைத் தோட்டக்காரர்கள் முதலில் நம்பவில்லை. காப்பி விலை உயர்ந்திருந்ததால் விளைச்சல் குறைந்தது கணக்கில் தெரியவில்லை, கடன் வாங்கி மேலும் காடு வெட்டினார்கள். 1880களில் எல்லாம் ஒருசேரச் சரிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி 1884இல் முறிந்தது. பட்டுப்போன காப்பி மரங்களைப் பிடுங்கி, பட்டை உரித்து, தேநீர் மேசைக்குக் கால் செய்வதற்காக இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். இடையில் சிலர் சிங்கோனா நட்டார்கள். கொயினா எடுக்கும் அந்தப் பட்டை அளவுக்கு மிஞ்சிச் சந்தைக்கு வந்ததால் விலை வீழ்ந்து சில ஆண்டுகளிலேயே அதுவும் ஓய்ந்தது.

மிஞ்சியது தேயிலை. லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கி வைத்த பயிர், காப்பி செத்த மலைகளின் மேல் ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலை அந்த ஆண்டைச் சேர்ந்தது. ரயில் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது, ஆனால் பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலைமுகட்டைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்றில் கொழுந்து இறுகும்போது அந்த மணம் கூடுகிறது. இயற்கை தந்த அந்தச் சில வாரங்களின் விலையில்தான் ஊவாத் தோட்டங்களின் பெயர் நிற்கிறது.

பயிர் மாறியதோடு மக்களின் வாழ்வும் மாறியது. ஊவாவின் நில வரலாற்றில் இதுவே மிகப் பெரிய திருப்பம் என்று சொல்லலாம். காப்பி பழுக்கும் சில மாதங்களுக்கு மட்டும் ஆள் போதும். தமிழகத்திலிருந்து கங்காணியோடு நடந்து வந்தவர்கள் அறுவடை முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள். தேயிலையில் ஆண்டு முழுதும், வாரந்தோறும் கொழுந்து எடுக்கவேண்டும். பெண்கள் வந்தார்கள், குடும்பங்கள் தங்கின. ஓர் இரவு தலைசாய்க்கப் போட்ட கொட்டகைகளின் இடத்தில் லயங்கள் எனும் வரிசை வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள். கங்காணியின் கடனிலிருந்து விடுவிக்கும் 'துண்டு' இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாத நிலை 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை நீடித்தது. ஒரு பூஞ்சணம் ஒரு பயிரை அழித்ததால் ஒரு சமூகம் மலைநாட்டில் வேர்விட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியபோது, அவர்கள் நட்ட செடிகளுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகியிருந்தது.

துரைமாரின் ஓய்வுக்கும் நிலம் ஒதுக்கப்பட்டது. கொழும்பில் 1879இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் முதலில் காலிமுகத்திடலில் ஆடியது. பிறகு 1896இல் பொரளையில், ஆளுநர் ரிஜ்வேயின் பெயர் தாங்கிய திடலுக்குப் போனது. அந்த வட்டாரத்தில் முன்பு இருந்த மாதிரிப் பண்ணையின் நினைவு இன்றும் அங்குள்ள சாலைப் பெயரில் தங்கியிருக்கிறது. மலையில் நுவரெலியா கோல்ஃப் கிளப் 1889இல் தோன்றியது. பண்டாரவளை ஹோட்டல் 1893இல் பிறந்தது, தோட்டத் துரைமார் கூடும் இடமாக இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலாகக் கிடைத்தது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களமும், லயத்துக்கு முன்னால் இருக்கும் வாசலும், எங்கேனும் சமமாகக் கிடந்த ஒரு துண்டு நிலமுமே.

தியத்தலாவையின் கதை சற்று வேறானது. அங்கே தேயிலை ஏறாத பத்தனைப் புல்வெளியில், 1900 ஆகஸ்டிலிருந்து, தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளைத் தகரக் கொட்டகைகளில் அடைத்தார்கள். இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 5,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் இருந்தது இங்கேதான். 1901 ஜூலையில் கைதிகளின் அணி ஒன்று கொழும்புக்குப் போய் கோல்ட்ஸ் அணியோடு கிரிக்கெட் ஆடியது. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த எங்கல்பிரெக்ட் என்ற கைதி நாடு திரும்ப முடியாமல் அம்பாந்தோட்டையில் தங்கி, யால காட்டின் முதல் காவலரானார். முகாம் 1902க்குப் பின் கலைந்தது. நிலம் படையினரிடமே இருந்துவிட்டது, இன்று இலங்கை இராணுவ அக்கடமி அங்கே இருக்கிறது. ஃபொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயம் நடந்துவந்ததும் அந்தச் சரிவில்தான். 2024 ஏப்ரல் 21இல் பந்தயக் கார் ஒன்று பார்வையாளர்மேல் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

தேயிலைத் தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுக்குப் போய், 1992இல் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறியது. மடுல்சீமை, நமுனுகுலை ஆகிய ஊவா மலைகளின் பெயர்களையே அவற்றில் இரண்டு தாங்கின. இக்காலத்தில் பல மலைகள் காடேறின. வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை வயதேறி விளைச்சல் குறைய, மீள நட முதல் போதாமல், கொழுந்தெடுத்த சரிவுகளைப் புல்லும் புதரும் மூடின. சிறிய தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் நின்றன.

உண்மையில் தேயிலை நிலத்தை மீட்கும் வழி தோட்டத்துக்குத் தெரியாததல்ல. பழைய தேயிலையைப் பிடுங்கியபின் உடனே புதிய கன்று நடுவதில்லை. மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு, ஒன்றரை இரண்டு ஆண்டு வளரவிட்டு, வெட்டி வெட்டி மண்ணின் மேலேயே போடுவார்கள். ஆழ்வேர் இறுகிய மண்ணைத் தளர்த்தும், மக்கிய தழை உயிர்ச்சத்தைத் திரும்பத் தரும். அதன் பிறகே தவறணை எனும் நாற்றுமேடையிலிருந்து, வெட்டுத்துண்டில் வளர்த்த வீ.பி. கன்று மலைக்கு வரும். தலவாக்கலையில் தலைமையகம் கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பசறையிலும் நிலையம் உண்டு, நீண்ட காலமாக அது சொல்லிவரும் முறை இது. கோல்ஃப் திடலின் புல் நிலத்தை அழகாக மூடி வைக்கிறது. அதை நாள்தோறும் வெட்டவும், நீர் ஊற்றவும், உரமிடவும் வேண்டும். மானாப்புல் கேட்பது இரண்டாண்டுப் பொறுமைதான். அந்த இரண்டாண்டும் அந்த மலையிலிருந்து வருமானம் வராது என்பதால் கணக்குப் பார்ப்பவர்கள் தயங்குகிறார்கள், மலைகளும் கிடக்கின்றன.

இப்போது இந்நிலத்தைத் தேடி வருவது சுற்றுலா. ஊவாவுக்கு வெளியே, கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலை ஆலை 1996இல் விடுதியானது. இயந்திரங்களை எடுத்தெறியாமல் கூடத்திலேயே நிறுத்திவைத்தது பாராட்டத்தக்க முடிவு. எல்லவில் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பரப்பையே பெயராக வைத்த '98 ஏக்கர்ஸ்' விடுதி நிற்கிறது. ஹல்பேவத்தைத் தொழிற்சாலை தேயிலை அரைத்தபடியே பார்வையாளரையும் ஏற்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலான ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் பார்க்க நாள்தோறும் கூட்டம் நிற்கிறது. வேலை வருகிறது என்பது உண்மை. விடுதிகளில் மலையகத்து இளைஞர்கள் சமையலறையிலும் தோட்டப் பராமரிப்பிலும் வேலைக்குச் சேர்கிறார்கள். ஆனால் நிலத்தின் உரிமை முன்பு போலவே தூரத்தில் இருக்கிறது.

ஓய்ந்த ஆலை இன்னொரு விதமாகவும் பயன்பட்டது. ஊவாவின் கொஸ்லந்தையில் உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. போய்த் தங்க வேறு இடம் அந்த மக்களுக்கு இருக்கவில்லை. தப்பியவர்களில் பல குடும்பங்கள் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தட்டி அடித்துப் பிரித்த அறைகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு குடியிருந்தன. கொழுந்து வாடப்போட்ட தளத்தில் அடுப்பெரிந்தது, பிள்ளைகள் பள்ளிப்பாடம் படித்தார்கள். 2016இல்தான் பூனாகலைப் பக்கம் அரசு கட்டிய வீடுகள் அவர்களுக்குக் கிடைத்தன.

தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்பது 2015க்குப் பின் அரசு ஏற்ற அளவு. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. ஆனாலும் இன்னும் லயத்திலேயே வாழும் குடும்பங்கள் ஏராளம். ஏழு பேர்ச்சஸ் என்பது 177 சதுர மீட்டர். கோல்ஃப் திடலில் பந்தைக் குழிக்குள் தள்ளும் ஒரு 'கிரீன்' மட்டும் ஏறத்தாழ 500 சதுர மீட்டர். காடேறிக் கிடக்கும் ஊவா மலை எதையேனும் இனி யாரேனும் மீட்கப் புறப்பட்டால், விடுதிக்கோ திடலுக்கோ அளவு நூல் பிடிக்குமுன், அந்த மலையில் நாலு தலைமுறையாகப் பேர் போட்டு உழைத்தவர்களுக்கு இந்த 177 சதுர மீட்டரை முதலில் அளந்து கொடுக்கவேண்டும்.